விழுப்புரத்திலிருந்து உட்கார்ந்து வந்தது

1961 ஜூலை 12, புதன்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடம். மேல்காற்று புழுதியை வாரி இறைத்தது. வடக்கே கருத்திருந்தும் மழை இல்லை. விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினோம். குடை கையில் இருக்கிறதா என்று நான் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். என் மனைவி மரப்பலகையையே பார்த்தபடி நின்றாள்.

அவள் சரியாக உட்கார்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்குள், அடியில், ஒரு நரம்பு எரியத் தொடங்கியது. உட்கார்ந்தால் மிளகாய் அரைத்துப் பூசினது போல என்பாள். நின்றபடி சாப்பிட்டாள், நின்றபடி மல்லாட்டைக் கடலை உரித்தாள். பந்தியில் உட்கார முடியாதென்று தங்கையின் கல்யாணத்துக்கே போகவில்லை. திண்டிவனத்தில் மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். நான்காமவர்தான், உடற்பயிற்சி வைத்தியம் படித்த ஓர் அம்மாள் விழுப்புரத்துக்கு வாரம் ஒருநாள் வருகிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

பள்ளிக்கூடத்து டிரில் போல ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். அந்த அம்மாள் சொன்னதோ படுத்துக்கொண்டு செய்வது. முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி மூச்சை இழுக்க வேண்டும். அப்போது அடியிடுப்புத் தசை தானாகத் தளரும். நரம்பை அழுத்தும் பிடி விடும். எதையும் இறுக்கக் கூடாது.

இரண்டு மாதம் செய்தும் பலனில்லை. ரயில் கட்டணம்தான் தண்டம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த அம்மாள் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குப் பேச்சு கேட்டது.

"என்னம்மா இது, உள்ள துணி சுத்திக்கினு இருக்க?"

"புள்ள பெத்த வயிறுங்க. கட்டாம வுட்டா அடிவயிறு எறங்கிடும்னு எங்கம்மா சொல்லிச்சு."

"மூணு வருஷமாவா?"

"குளிக்கும்போது அவுப்பேங்க."

"இத்தக் கட்டிக்கினு மூச்ச இழுத்தா அது எங்க போவும்? அவுத்துடு. ஒண்ணும் எறங்காது. எறங்கினா என்னை வந்து கேளு."

எங்கள் பக்கத்தில் பிரசவமானவளுக்குப் பழைய புடவையைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டுவார்கள். நாற்பது நாளில் அவிழ்க்க வேண்டியதை இவள் பயத்தில் விடவே இல்லை.

மறுநாள் காலை அவள் பாயில் படுத்து மூச்சை இழுத்தாள். வயிறு மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில், எப்போதும் கடித்தே இருந்த தாடை தளர்ந்து வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஊசி இல்லை, மருந்து இல்லை. எல்லோரும் இழுத்துவிடுகிற காற்று அவள் உடம்புக்குள் போய் ஏதோ ஒரு முடிச்சைத் தேடுவதை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை.

வலி ஒரே நாளில் போகவில்லை. சில வாரம் குறையும், மறுபடி வரும். இருந்தும் அந்தப் புதன்கிழமை, வண்டி நகர்ந்ததும், அவள் பலகையில் உட்கார்ந்தாள்.

முண்டியம்பாக்கத்திலும் விக்கிரவாண்டியிலும் வலிக்கிறதா என்று கேட்டேன். சும்மா வரச் சொன்னாள். பேரணி, மயிலம் போயின. திண்டிவனம் வந்ததும் பையை எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?"

"டிக்கெட் இதுவரைக்கும்தானே."

"இருக்கட்டுங்க. இப்பதான் உக்காந்திருக்கேன்."

வண்டி கிளம்பியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒலக்கூரில் பரிசோதகர் பிடித்தார். இரண்டு பேருக்கும் அபராதத்தோடு சேர்த்து இரண்டு ரூபாய் எழுபது நயா பைசா.