மாடியைக் காலி செய்யச் சொல்லாத மாதம்மாள்

போன வாரம் ஒரு நாள் காலை, என் வீட்டின் பின்போர்ஷனை வாடகைக்குப் பார்க்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். பர்வீன் போனில் அழைத்தார். "மாதம்மா அக்கா போயிட்டாங்கக்கா. டீ எடுத்துட்டுப் போனேன், எந்திரிக்கவே இல்ல" என்று சொல்லி அழுதார். மாதம்மாளின் மாடியில் குடியிருப்பவர் பர்வீன். சொந்தக்காரர்களுக்குக்கூட அப்போது இன்னும் தெரிந்திருக்கவில்லை.

மாதம்மாளும் நானும் தருமபுரியில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். ஏறக்குறைய ஒரே வயது. கணவர் இறந்தபின் கைக்கு வந்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, பாப்பாரப்பட்டி சாலைப் பக்கம் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வீடுகள் கட்டினார். "பொம்பளையாள் ஒண்டியா வாடகை வசூல் பண்ண முடியுமா?" என்று கேட்ட அண்ணனிடம், "வூடு கட்டறேன், சண்டைக்கா போறேன்?" என்றாராம்.

அவரைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. தொப்பூர் பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு வீடு மலிவாக வந்தது. மாதம்மாளையும் அழைத்துப் போனேன். அவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேரே பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனார்.

"ஏனுங்க, கடைசியா இங்க இருந்தவங்க எதுக்குக் காலி பண்ணாங்க?"

"வெயில் காலத்துல போர்ல தண்ணி வராதுங்க. யாரு இருப்பாங்க?"

எங்களைக் கூட்டிவந்த தரகரின் முகம் போன போக்கை மாதம்மாள் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா? ரெண்டு மாசம் பூட்டிக் கெடந்தா தவணைய எதுல கட்டுவீங்க? ஒழுகினா, மோட்டார் போனா, அதுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கீங்களா? அதெல்லாம் இருக்கட்டும் சாந்தி, இந்த வூட்ல நீங்க குடியிருப்பீங்களா?"

மாட்டேன் என்றேன்.

"அப்புறம் அடுத்தவங்கள எப்படிக் குடி வெப்பீங்க?"

அந்த வீட்டை வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து, தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து இப்போதுள்ள வீட்டை வாங்கினேன்.

அதே சமயத்தில்தான் அவர் மாடியைத் தையற்கடை வைத்திருந்த ஹமீதுக்கும் பர்வீனுக்கும் விட்டார். மறுநாளே தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

"பாய் குடும்பம் நம்ம தெருவுக்கு வேணாம்மா. சொல்லி அனுப்பிடுங்க."

"வாடகை சரியா குடுப்பாங்களா, வூட்ட நல்லா வெச்சிக்குவாங்களா, இந்த ரெண்டும்தான் நான் கேக்கறது. மூணாவதா ஒண்ணு கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க" என்றார் மாதம்மாள்.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களைத் தெருக்காரர்கள் பேசிப் பேசியே கிளப்பிவிட்டார்கள். புதிதாக ஆள் கூட்டிவரத் தரகர்கள் பயந்தார்கள். கீழ் வீட்டு வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. ஹமீதே வந்து, "எங்களால உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம், நாங்க போயிடறோம்" என்றிருக்கிறார்.

"நீங்க போனா அவங்க சொன்னதுக்கு நான் தலையாட்டினதா ஆயிடும். பேசாம மேல போங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மாதமே, அதுவரை குடியிருந்த அண்ணன் வீட்டிலிருந்து பாத்திரம் பண்டங்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, காலியாக இருந்த கீழ் வீட்டில் தாமே குடியேறினார். தெரு வேடிக்கை பார்த்தது. கதவை அகலத் திறந்துவைத்துப் பால் காய்ச்சி, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். சிலர் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளவும் இல்லை. கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

சாவு வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் பிரபுவைத் தெருப் பெரியவர் ஒருவர் தனியே அழைத்தார்.

"அம்மாதான் புடிவாதமா இருந்துட்டாங்க. இனி நீதான் பாத்து மாடிய காலி பண்ணச் சொல்லணும் தம்பி."

"அம்மாகிட்ட இதக் கேட்டீங்களா?"

"எத்தனையோ தரம் கேட்டோம்."

"அவங்க என்ன சொன்னாங்களோ, அதேதானுங்க நானும் சொல்றேன்."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். பர்வீன் பூவோடு மாடிப்படி இறங்கி வந்தார். கூடியிருந்த பெண்களில் இருவர் எழுந்து தலைமாட்டில் இடம்விட்டார்கள். மற்றவர்கள் அசையவில்லை. பர்வீன் அவர்களைத் தாண்டிப் போய், மாதம்மாளின் தலையருகே உட்கார்ந்து பூவை வைத்தார்.

போய் வாருங்கள், மாதம்மாள். உங்கள் மாடியில் ஆள் இருக்கிறார்கள். இருப்பார்கள்.