தீபத்துக்காக நின்ற துப்பாக்கி

கற்பூரம் மணந்தால் எனக்கு இன்றும் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. கீழ்பென்னாத்தூரில், இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அப்போதிருந்த தகரக் கூரை சினிமாக் கொட்டகையில், கார்த்திகை தீபத்தன்று, திரையில் பம்பாய் ரவுடி ஒருவன் காதலியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்க, எதிரி துப்பாக்கியை நீட்டிய நேரம் பார்த்துப் படத்தை நிறுத்திவிட்டார்கள். மலையில் தீபம் ஏற்றும் நேரமாம். முறுக்கும் கையுமாக மொத்தக் கொட்டகையும் வெளியே ஓடி, தூரத்து மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் “அரோகரா!” என்று கத்தியது. வாசலில் யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு உரக்கவே வேண்டினாள்: “அண்ணாமலையாரே, அந்த ரவுடிப் புள்ளய எப்படியாவது காப்பாத்திடுப்பா!”

முண்டியடித்து உள்ளே ஓடினோம். படம் ஓடியது. துப்பாக்கி வெடித்தது. குறி தப்பியது.

கொட்டகையே எழுந்து நின்று கத்தியது: “அரோகரா!”