லொறி டியூப்பில் ஒரு கடல்

மச்சானுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம் முடிந்த மார்ச் மாதத்தில், கட்டுகஸ்தோட்டை வீட்டு விறாந்தைத் தரையில் அவர் மனைவியான என் அக்கா சோக்கட்டியால் ஒரு படகை வரைந்தாள். பதினெட்டடி நீளம், ஐந்தடி அகலம். அளவு நாடா பிடித்துத்தான் வரைந்தாள். மச்சான் உட்காரப்போகும் பலகையையும் அதில் குறித்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரசூசி போடுகிறவள் அவள். ஓர் ஆசிரியரை ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புகளில் நிறுத்தினாள் என்ற புகார் அவள் மீது வந்ததில்லை.

ஏப்ரல் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய், மோட்டார் படகில் பாறைக் கரையோரம் ஒரு பகல் சுற்றிவருவது என்பது திட்டம். மச்சான் இருபது வருடம் லொறியில் அங்கிருந்து கோதுமை மா ஏற்றிவந்து கண்டி பேக்கரிகளில் இறக்கியவர். மூட்டை ஏறும்வரை காத்திருந்த வேளைகளில் மீன்பிடிப் படகுகள் பாறை முனையைச் சுற்றி மறைவதைப் பார்த்திருக்கிறார். முனைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஒருநாளும் நேரம் கிடைக்கவில்லை. நோய்க்குப் பிறகு அவர் கேட்டது இது ஒன்றுதான். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"என்னைய யாரும் தூக்கக் கூடாது. மா மூட்டையத் தூக்கிப் போட்ட ஆளு நான். என்னையவே மூட்டையாக்கிப் போடுறதா இருந்தா, நான் வரல்ல. நீங்க போயிட்டு வாங்க."

இடது காலை இழுத்துத்தான் நடப்பார். இடது கையில் பிடி இல்லை. ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிறவர் அல்லர். அவரே படகில் ஏறினால்தான் பயணம் என்றாகிவிட்டது.

அக்காவின் முதல் நேரசூசியில் படகு புறப்படும் நேரம் காலை பதினொன்று. நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பனி விலகி வெயில் ஏறிய பிறகே எந்தப் பயணமும் தொடங்கும் என்பது எங்கள் வழக்கம். யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. திருகோணமலைப் படகுக்காரர்தான் தொலைபேசியில் சிரித்தார்.

"பதினொரு மணிக்கோ? பத்துக்குப் பிறகு காத்து எழும்பிரும், டீச்சர். கல்லோரம் போட்டைக் கொண்டுபோக ஏலாது. காலமை ஏழுக்கு வாங்கோ, கடல் தட்டு மாதிரி கிடக்கும்."

அக்கா வாதாடவில்லை. தாளைக் கிழித்தாள். முதல்நாளே போய், உடன் படிப்பிக்கும் ஆசிரியையின் தாய்வீட்டில் தங்குவதாகப் புதிய தாளில் எழுதினாள். பிறகு படகுக்காரரையே மறுபடி அழைத்தாள்.

"கணுக்கால் தண்ணியில நின்னா போட்டு விளிம்பு எத்தன அங்குலம் உயரத்துல இருக்கும்?"

"நீங்க போட்டை வாங்கப் போறீங்களோ, ஏறப் போறீங்களோ?"

"ஏறத்தான். அளந்துட்டே சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருபத்தாறு அங்குலம் என்று பதில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் கொழும்பிலிருந்து போனபோது பின்முற்றத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கொங்கிரீட் கற்களின் அடுக்கு, அதன்மேல் காற்றடித்த பழைய லொறி டியூப், அதன்மேல் ஒரு பலகை. மொத்த உயரம் இருபத்தாறு அங்குலம். அசையாத வாங்குப் பலகையில் ஏறிப் பழகியவர் ஆடும் படகில் ஏற முடியாது என்பது அக்காவின் கணக்கு. அவர்களுடைய மகனும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டினார்கள்.

மச்சான் மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பலகை நழுவியது. மூன்றாவது தடவை அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் கை கொடுக்கப் போனேன்.

"நீ இரு" என்றாள் அக்கா. பிறகு அவரிடம், "ஏங்க, லொறியில எப்பிடி ஏறுவீங்க?"

"கதவோரக் கம்பியப் புடிச்சு, எம்பி. ஏன், லொறி வேற வாங்கப் போறியா?"

அவள் கொய்யா மரக் கிளையில் ஒரு கயிற்றைக் கட்டி, பிடி வைத்து, பலகைக்கு மேலே தொங்கவிட்டாள். மச்சான் எழுந்து வலக்கையால் அதைப் பிடித்தார். விளிம்பில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். பலகைக்கு மறுபுறம்தான் படகின் உள்பக்கம்; வலது காலை அங்கே எடுத்தார். கயிற்றை விட்டு, அதே கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் பத்திரிகை வேலையில் எத்தனையோ திட்டமிடல் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கேள்வியில் இவ்வளவு காரியம் முடிந்த கூட்டம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மூன்று வாரம் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கினார். படகின் கூரைக் கம்பியில் அதே நீளத்தில் கயிறு கட்டிவைக்கும்படி திருகோணமலைக்குச் சொல்லப்பட்டது. அக்கா அளவு கேட்பதற்கு முன்பே படகுக்காரர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

பயண நாள் காலை கடல் அவர் சொன்னபடியே கிடந்தது. மச்சான் நடந்து வரும் விதத்தைக் கண்டதும் கரையில் நின்ற மீனவர்கள் இருவர் அவரைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்க" என்றாள் அக்கா.

ஒரு சிற்றலை வந்து படகைத் தூக்கியது. "கொஞ்சம் பொறுங்கோ" என்ற படகுக்காரர், அது இறங்கியதும் "இப்ப" என்றார். மச்சான் கயிற்றைப் பிடித்தார், முதுகைக் கொடுத்தார், உட்கார்ந்தார். ஒரு கால். பிறகு கையால் மற்றக் கால். உள்ளே போய், விறாந்தையில் சோக்கட்டி காட்டிய இடத்திலேயே, வலப்பக்கம் இரண்டாவது பலகையில் அமர்ந்தார்.

"ஒன்னோட டியூப்பு இதவிட மோசம், புள்ள" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பத்து. நேரசூசியில் ஏழு மணி என்று இருந்தது. "பத்து நிமிசம் லேட்டு" என்று சொல்லிவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு படகருகே போனாள். அவள் எப்படி ஏறுவது என்பதைப் பற்றி யாருமே, அவளும்கூட, திட்டம் போட்டிருக்கவில்லை. மச்சான் கயிற்றின் பிடியை அவள் பக்கமாக எறிந்தார்.