வடக்கே தண்டவாளம்

மேசனின் அலவாங்கு இரும்பில் பட்ட சத்தம் எனக்குக் குசினிக்குள் கேட்டது. மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கி அது இரண்டாம் நாள். எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் இரும்பு என்றால் முதலில் குண்டு என்றுதான் நினைப்பு போகும். சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினேன்.

"பயப்பிடாதீங்க கா, தண்டவாளம்" என்றார் மேசன்.

எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

சின்னத் தண்டவாளம். இரண்டு இரும்புக்கும் இடையில் ஒரு ஆள் காலை அகட்டி நிற்கலாம், அவ்வளவுதான். அடியில் கறுத்துப்போன முதிரை மரக் கட்டைகள். மேசன் கத்தியால் கொத்திப் பார்த்தார், இறங்கவில்லை. வாவியைப் பார்த்து நேராகப் போயிருந்தது. "மரம் இழுத்த லைன் போல" என்றார் அவர். அவருக்கு அது புதினமான சங்கதி. எனக்கு எங்கள் காணி உறுதிப் பத்திரம் கண்ணுக்குள் வந்து நின்றது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உறுதித் தமிழை இரண்டு தரம் வாசித்தால்தான் எனக்குப் பிடிபடும். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் பாடம். வடக்கு எல்லை, மரம் கொண்டுபோகும் தண்டவாளம். வாங்கின காலத்திலிருந்து அந்தத் தண்டவாளத்தை ஒருவரும் கண்டதில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, வேலி நின்ற அடையாளமும் இல்லை. நாங்களும் வடக்கு வளவு அக்காவும் ஒரு மாமரத்தைக் குறி வைத்து, இதுதான் எல்லையாக இருக்கும் என்று கதியால் நட்டு வேலி அடைத்தோம். இப்போது தண்டவாளம் அந்த வேலிக்கு ஏழெட்டு முழம் உள்ளே, எங்கள் பக்கத்தில் கிடக்கிறது. அப்படியென்றால் அந்த ஏழெட்டு முழமும் யாருடையது? அக்காவின் நிலத்தையா இத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கினேன்? மகளின் வீட்டில் ஒரு அறை முழுவதும் அதற்குள்தான் வருகிறது.

எங்களில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டி எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம். ஆவணியில் நாள் வைத்திருந்தோம். மூன்று அறை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு வாயால் சொல்லியும் விட்டோம். நாளைக்கு யாராவது வந்து இது எங்கள் காணி என்றால், கட்டின சுவரைச் சுருட்டிக்கொண்டா போவது?

மேசனை ஒரு கிழமை வேறு வேலைக்குப் போகச் சொன்னேன். தண்டவாளத்துக்கு மேல் பழைய தகரம் இரண்டைப் போட்டுக் கல் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஏறாவூரில் மரம் விற்கும் மரக்காலையில் வேலை. விசாரித்து வரச் சொன்னேன். முதல் நாள் வந்து, "காட்டிலிரிந்து நேர இஞ்ச வரைக்கும் லைன் போட்டு, மரத்தத் தள்ளிக்கொண்டு வந்தவங்களாம்" என்றார். அடுத்த நாள், "இல்லயாம். காட்டிலிரிந்து மாட்டு வண்டிலாம். முதிர தண்ணியில தாழும், மிதக்க விட ஏலா. அதால கரையில வள்ளத்துக்கு ஏத்த மட்டும் லைனாம்" என்றார். மூன்றாம் நாள் முதலாளியிடம் கேட்டாராம். இந்தக் கரையில் மரமே இறக்கவில்லை, அதெல்லாம் அக்கரையில் என்று அவர் அடித்துச் சொன்னாராம்.

"அப்ப நம்மட வளவுக்க கிடக்கிறது என்ன?"

"அதான் எனக்கும் விளங்கல்ல."

"லைன் போட்டவன் ஆர்? அரசாங்கமா, யாவாரியா?"

"நீ கேக்கிறதப் பாத்தா அவன் நாளைக்கு மரத்தோட வரப்போறான் போல இரிக்கி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் உறுதியை எடுத்து வாசிப்பதும் வைப்பதுமாக இருந்தேன். யோசிக்க யோசிக்கக் கூடக் குழம்பியது. இந்த இரும்பு லைனாகவே கிடந்ததா, சண்டைக்குப் பங்கர் வெட்டின காலத்தில் யாரும் கொண்டுவந்து போட்டதா? கொண்டுவந்து போட்டதென்றால் கீழே கட்டை எப்படி அவ்வளவு வரிசையாக இருக்கும்?

அந்த நேரம் பார்த்து வடக்கு வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டினா.

"என்ன புள்ள, தகரத்தப் போட்டு என்னத்த மூடி வெச்சிரிக்காய்?"

"பூன குட்டி போட்டிரிக்கி அக்கா" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ தெரியாது.

அடுத்த நாள் காலையில் அக்கா ஒரு சிரட்டையில் பால் கொண்டுவந்தா, தாய்ப்பூனைக்கு. அதற்கு அடுத்த நாளும். அவவுடைய மாட்டுப் பால். அவ நிலத்தையும் பிடித்து, அவ பாலையும் வாங்கி வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். மூன்றாம் நாள் சிரட்டையை வாங்க முடியவில்லை.

"அக்கா, பூனயும் இல்ல, ஒண்டும் இல்ல" என்று தகரத்தை இழுத்தேன். உறுதியில் உள்ளதையும் சொன்னேன்.

அக்கா குனிந்து பார்த்தா. பிறகு வெட்டிப்போட்ட மண் கும்பியில் குந்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"வா புள்ள, ஒரு சாமான் காட்டிறன்."

அவவுடைய மாட்டுக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் வைக்கோலைக் காலால் தள்ளினா. அங்கேயும் தண்டவாளம். அதே அகலம், அதே கறுத்த கட்டை.

"வந்து குடியேறின கையோட கண்டனான். என்ர உறுதியில தெற்கே தண்டவாளம் எண்டு இரிக்கி. வேலிக்கு இஞ்சால கிடந்தா உன்ர காணியத்தானே நான் பிடிச்சிரிக்கன்? பயத்தில மேல கொட்டிலப் போட்டன். இவ்வளவு காலமும் மாடு காவல்."

"அப்ப எல்ல எது அக்கா? இதா, அதா?"

"எனக்கிட்டக் கேக்காத. போன லைன் ஒண்டு, வந்த லைன் ஒண்டாயிரிக்கும். நீ உன்ர வீட்டக் கட்டு."

அவ சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் நடுவில் கிடக்கும் துண்டு அவவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மரத்தோடு போன யாருடையதோ. இரண்டு பெண்கள் அதற்கு நடுவில் வேலி போட்டு, ஆளுக்கு ஆள் களவெடுத்ததாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மேசனைக் கூப்பிட்டு அத்திவாரத்தைத் தண்டவாளத்துக்குத் தெற்கே தள்ளி வெட்டச் சொன்னேன். தெற்கே கிணற்றடி குறுக்கே வந்ததால் மூன்றாவது அறை போனது. மகள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. "அக்காவே கட்டச் சொல்லிப்போட்டா, உங்களுக்கு என்னம்மா?" என்றாள். "எனக்கு நித்திரை வராது மகள்" என்றேன். வீட்டை இடித்துப்போட்டு எழும்பு என்று நாளைக்கு ஒருவரும் அவளுக்குச் சொல்லக்கூடாது, அதுதான் எனக்கு.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வீடு பார்க்க வந்தார்கள். இரண்டு அறையையும் பார்த்தார்கள். வெளியே வந்து, அவ்வளவு வெறும் நிலம் கிடக்க வீடு ஏன் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கிறது என்று தகப்பன் கேட்டார்.

"அதால தண்டவாளம் போகுது" என்றேன்.

அவர் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தார். இரும்பில் செருப்புக் காலை வைத்துத் தட்டினார். "எங்க போகுது?" என்றார்.

நானும் வாவிப் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முதல் நாள் கதையைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு இரண்டாம் நாள் கதைக்கு மாறினார். மாப்பிள்ளையின் தாய்தான் இடையில் மறித்தா.

"ரெண்டு அறை போதும். வெறும் நிலத்தில நாலு வாழமரம் வைங்க."

"வாழமரம் வைக்கலாமா?" என்று நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அது யாருடைய நிலம் என்று அவருக்கும் தெரியாது.