மைனாவுக்கு இன்னொரு கை

என் தங்கச்சி துணி தைப்பவள். அவள் தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு பிசிறு இருக்காது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவளுடைய ஒரே மகளுக்குப் பதினோரு வயது. நடக்க வராது, பேச வராது, கழுத்தும் சரியாக நிற்காது. பேச்சு வராத பிள்ளையை மைனா என்று கூப்பிட ஆரம்பித்தவளும் என் தங்கச்சிதான். யாராவது ஒரு மாதிரியாகப் பார்த்தால், "ஊமைன்னு கூப்பிடணுமா?" என்று கேட்பாள். கோபமாகக் கேட்க மாட்டாள். துணிக்கு அளவு கேட்கிற குரல்தான். கோபம், அழுகை, சிரிப்பு எல்லாம் அவளிடமிருந்து எப்போது கழன்று போயின என்று கூட இருந்த எனக்கே தெரியாது.

மைனாவைத் தூக்கித் தூக்கி அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும், அதன் பிறகு பல மாதங்களுக்குக் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ் எப்போது வரும் என்று விசாரித்தவள் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தூக்குவதற்கு வழி பிறந்தது. மைனா போகும் பயிற்சிக் கூடத்து டீச்சர், போர்வையை மடித்துப் பிள்ளைக்கு அடியில் விட்டு இரண்டு பேராக நகர்த்தும் முறையை எனக்கும், லாரி ஓட்டும் தங்கச்சி வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை. மைனா அம்மா கையில் மட்டுமே சாப்பிடுவாள்; அதை முடித்துவிட்டு ஆறிப்போன சோற்றைத்தான் தங்கச்சி சாப்பிடுவாள். பெரியம்மா நான் ஊட்டினாலும் சரி, அப்பா ஊட்டினாலும் சரி, விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்து வழியவிடுவாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் பிள்ளை சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்றார்கள். அந்த ஒன்றுக்காகவே தங்கச்சி அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாக்கள் வெளியே பெஞ்சில் சும்மா உட்கார டீச்சர் விடமாட்டார். ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி பழகிக்கொள்ள வேண்டும். தங்கச்சிக்கு ஜோடியாக வந்தவள் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவள். எல்லாருக்கும் அவள் தபாலம்மா. அவளுடைய மகள் கதவு திறந்தால் தெருமுனையில் இருப்பாள்; அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். தங்கச்சி அவளிடம் பொத்தான் டப்பாவைக் கொட்டிக் கொடுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கவிட்டு உட்காரவைத்துவிட்டாள்.

"உன்னுது அசையாது, என்னுது நிக்காது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஒழுங்கா ஒண்ணு தேறும்" என்றாள் தபாலம்மா.

"எதுக்கு? அது வளர்ந்து நம்மள எதிர்த்துப் பேசவா?" என்றாள் தங்கச்சி.

தபாலம்மாவை மைனாவுக்கு ஊட்டப் பழக்கும் வேலை தொடங்கியது. கரண்டியில் எவ்வளவு எடுக்க வேண்டும், எந்தக் கன்னத்துப் பக்கம் வைக்க வேண்டும், எவ்வளவு மசிக்க வேண்டும் என்று தங்கச்சி பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லித் தருவது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். தபாலம்மாவும் அச்சுப் பிசகாமல் செய்தாள். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. வாரக்கணக்கில் கல்லில் நார் உரித்தோம்.

கடைசியில் தபாலம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து, நீயே ஊட்டு, வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தங்கச்சி வழக்கம் போல மைனாவைத் தாழ்ந்த முக்காலியில் உட்காரவைத்து, தன் முழங்கால்களுக்கு நடுவே சாய்த்துக்கொண்டு ஊட்டினாள். மைனா சாப்பிட்டாள். நான் கையைப் பார்த்தேன், தபாலம்மா தரையைப் பார்த்தாள்.

"ஏண்டி, உன் கால் என்ன பண்ணுது?"

"எந்தக் கால்?"

தையல் மெஷினின் மிதியை மிதிப்பது போல அவளுடைய வலது கால் வெறுந்தரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் முழங்கால் வழியாக மைனாவின் முதுகுக்குப் போனது. கேள்வி வந்ததும் கால் நின்றது. மைனாவின் வாயும் நின்றது. தங்கச்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள். மைனா கைக்குழந்தையாக இருந்தபோது மெஷினை விட்டு எழ நேரமில்லாமல், தைத்துக்கொண்டேதான் ஊட்டியிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவளுக்கு, தன் கால் இப்படிச் செய்கிறது என்பது மட்டும் தெரியாது.

தபாலம்மா மெஷினைத் தொட்டதே இல்லை. "இந்த வயசுல என்னை ஆடவைக்கிறியே" என்று முனகியபடி மிதித்துப் பழகினாள். முதலில் வேகம் அதிகமாகி மைனாவுக்கு இருமல் வந்தது. தங்கச்சி தபாலம்மாவின் முழங்காலில் கையை வைத்து அழுத்தி, வேகத்தைக் குறைத்தாள். மைனா விழுங்கினாள். தங்கச்சி கையை எடுத்தாள். மைனா அடுத்த வாயையும் விழுங்கினாள். அன்றைக்கே தங்கச்சி டாக்டரம்மாவிடம் தேதி வாங்கிவிட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் தங்கச்சி என்னிடம், "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டா. கிண்ணம் காலி."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தோம். எதிரே தபாலம்மா மைனாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மைனா அம்மா பக்கம் திரும்பவே இல்லை. தங்கச்சிக்கு மனசு வலிக்குமே என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ போட்ட தையலைச் சரிபார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லாட்டியும் இவ சாப்பிடுவா, இல்லக்கா?"

"ஆமா" என்றேன்.

"எனக்கும் தட்டு போடு" என்றாள்.

அடுப்பிலிருந்து இறக்கியதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் அவள் கை நின்றுவிட்டது. பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"இல்லக்கா. சூடா இருக்கு."

ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.