பின்பக்க ரூம், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில்

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அதற்கு பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. கார்டு கொடுத்தாகிவிட்டதா என்று கேட்கிற ஆள் நான். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் பெயின்ட் ஷாப்புக்குப் பின்னால் வெள்ளையாக என்னவோ நிற்கிறது என்று பையன்கள் கிளப்பிவிட்டபோது, டார்ச் எடுத்துக்கொண்டு போய், அது படுக்க இடம் தேடிக்கொண்டிருந்த எங்கள் சூப்பர்வைசர் என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னவனும் நான்தான். அதற்குப் பரிசாக ரொம்ப நாளைக்கு எனக்கு ஓ.டி. கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

எங்கள் கம்பெனி ஸ்பெயினிலிருந்து ஒரு மெஷின் வாங்கியது. அங்கிருந்து கப்பலேற்றுமுன், அங்கேயே ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல மெயின்டனன்ஸிலிருந்து ஒரு ஆள் ஒரு வாரம் போக வேண்டும். சீனியர்களில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார், ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. சல்லடையில் கடைசியாக மிஞ்சிய கல் நான். ஊர் பெயர் சரகோசா.

"இன்னாய்யா, நாட்டு மருந்துக் கடைல விக்கற லேகியம் மாரி கீது பேரு" என்றாள் என் மனைவி ஜோதி. ஒரு வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். அப்புறம், "நானும் வர்றேன்" என்றாள்.

அவள் டிக்கெட்டுக்கு அவளுடைய சீட்டுப் பணம். அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி, டபுள் ஷிப்ட் பார்த்து, கடைசியில் மணிமங்கலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். ஸ்பெயின் போகிறோம் என்று மறுநாளே சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தாம்பரம் போய் ஸ்வெட்டர் வாங்கிவந்து, இந்த வெயிலில் அதைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் அவள் போகவில்லை என்றால் நாங்கள் வீட்டையே மாற்ற வேண்டும்.

விஷயம் இதுதான். பகல் முழுக்க நான் அங்கே ஃபேக்டரியில் இருப்பேன். அவளுக்கு மொழி தெரியாது, முட்டி வலி வேறு. எனவே ஹோட்டல் ஊரின் நடுவில் இருக்க வேண்டும், அவள் தனியாக இறங்கி நாலு கடையைப் பார்த்து, எங்காவது உட்கார்ந்து, தானே திரும்பி வரும்படி. லிஃப்ட் இருக்க வேண்டும். விலை கம்பெனி கொடுக்கிற படிக்குள் அடங்க வேண்டும். விசா ஆபீசில் கொடுக்க இரண்டு பேர் பெயரும் போட்ட ஹோட்டல் கன்ஃபர்மேஷன் வேண்டும். அது இல்லையென்றால் எனக்குக் கம்பெனி லெட்டர் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன், ஜோதிக்கு விசா கிடையாது. ஏஜென்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மெஷினை ஓட்டிப் பார்ப்பது சுலபம், அய்யா. ஹோட்டல் தேடிப் பாருங்கள், தெரியும். சிட்டி சென்டர் என்று போட்டிருப்பான், மேப்பில் பார்த்தால் நம்ம ஊர்க் கணக்குக்கு வண்டலூரில் ரூம் போட்டுவிட்டு பாரிஸ் கார்னர் என்று சொல்கிற மாதிரி இருக்கும். நடுவூரில் கிடைத்தால் பாத்ரூம் பொது. பாத்ரூம் தனி என்றால் லிஃப்ட் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால், கார்டு நம்பரை அடிப்பதற்குள் விலை ஏறியிருக்கும். அதையும் தாங்கிக்கொண்டு ஒன்றைப் பிடித்தேன். மறுநாள் காலையில், மன்னிக்கவும், உங்கள் பதிவு ரத்து என்று ஒரு மெயில். படத்தில் ஜன்னல் வழியாகப் பெரிய மாதா கோயில் தெரிந்த ஒரு ரூமைக் கூர்ந்து பார்த்தபோது, அது ஜன்னல் இல்லை, சுவரில் ஒட்டிய போஸ்டர். வரிசையாக ஹோட்டல்களுக்கு போன் பண்ணினேன். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனால் ரூம் இல்லை என்பது மட்டும் இரண்டு தரப்புக்கும் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் விசா ஆபீஸ் போக வேண்டும் என்கிற நிலையில், ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் கிளம்பக் காத்திருந்த மத்தியானம், கடைசியாக ஒரு ஹோட்டல் மிச்சமிருந்தது. சின்ன ஹோட்டல். ரெண்டு நாளாக அடிக்கிறேன், எடுக்கவே இல்லை. பஸ் நிழலில் நின்று, வெறுத்துப்போய், ஒப்புக்குத்தான் அழுத்தினேன்.

உடனே எடுத்தார்கள்.

"சொல்லுங்கண்ணா" என்றது ஒரு பெண் குரல்.

நம்பினால் நம்புங்கள், தமிழ். அதுவும் சினிமாத் தமிழ் இல்லை, எங்கள் தெருத் தமிழ். நம்பர் மாற்றி அடித்துவிட்டேனா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஸ்பெயின் நம்பர்தான்.

"ம்மா, இது சரகோசாதான?"

"பின்ன படப்பையா? ரிசப்ஷன்ல தான் நிக்கறேன். வாசல்ல ட்ராம் போவுது, கேளுங்க." டிங் டிங் என்று ஒரு மணி கேட்டது. "ரூம்தான? முன்பக்கம் வோணாம்ணா, தெருவுல குட்ச்சிட்டு ராவெல்லாம் கத்துவானுங்கோ. பின்பக்கம் போட்டுட்றேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்துல. அண்ணியால படி ஏற முடியாது இல்ல."

"ஆமாம்மா, முட்டி" என்றேன் நான். முட்டாள்தனமாக, நன்றியோடு.

"பாத்ரூம்ல பக்கெட்டும் மக்கும் சொல்லி வெக்கறேன். இங்க அதெல்லாம் இருக்காது, அண்ணி கஷ்டப்படும். காசு வந்து குடுத்தா போதும்."

வெளிநாட்டில் நம்மவர் கிடைத்தால் நாம் என்ன கேட்போமோ அதைக் கேட்டேன். "எந்த ஊரும்மா நீ?"

"மணிமங்கலம் பக்கம்ணா."

"அட, அங்க யார் வூடு?"

அவள் சிரித்தாள். "இப்ப யார் வூட்டச் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றாள். போன் கட்டாகிவிட்டது. உடனே மெயில் வந்தது. பின்பக்க ரூம், நாங்கள் போகிற தேதிகள், என் பெயர், ஜோதியின் பெயர். விலை கம்பெனி படிக்குள் அடக்கம்.

பஸ்ஸில் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. நான் அவளிடம் பெயர் சொல்லவில்லை. தேதி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பக்கத்து சீட்டில் முத்துப்பாண்டி. கோவில்பட்டிப் பையன், லைனில் என்னோடு வேலை பார்க்கிறவன், படப்பையில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். உலகத்தில் எல்லாமே ஆன்லைன் மோசடி என்பது அவன் கொள்கை. அவனிடம் சொன்னேன்.

"கார்டு நம்பர் கேட்டாளாண்ணே?"

"இல்லடா."

"ஓடிபி?"

"இல்ல."

"அட்வான்ஸு?"

"வந்து குடுத்தா போதும்னா."

யோசித்தான். "அப்ப களவாணி இல்லண்ணே. பேய்தான். காசு கேக்காம வேல செய்யது வேற யாரு?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தம் கொஞ்சம் கம்மியாக.

வீட்டில் ஜோதி சிரிக்கவில்லை. "யாருய்யா அவ? என் முட்டி வலி அவளுக்கு எப்டித் தெரியும்? ஊரெல்லாம் என் முட்டியப் பத்தியே பேசிக்கினு கீறியா?"

"நான் சொல்லவே இல்ல ஜோதி."

"உன்ன இன்னான்னு கூப்ட்டா?"

"அண்ணான்னு."

"என்ன இன்னான்னு சொன்னா?"

"அண்ணின்னு."

"அப்ப பரவால்ல" என்றாள். பேய் என்றால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது, முறை சரியாக இருந்தால் போதும். மணிமங்கலத்தில் அவளுடைய சித்தி இருக்கிறாள், அவளிடம் விசாரித்தாள். அந்தப் பக்கத்துப் பெண் ஒன்று துபாயில் இருக்கிறது, ஒன்று மலேசியாவில். ஸ்பெயினுக்கு யாரும் போகவில்லை.

விசா வந்துவிட்டது, இருவருக்கும். நன்றி சொல்ல அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுத்தபோதெல்லாம் ஒரு வயசான ஆண் குரல். "யெஸ், யெஸ், ரூம் ஓகே" என்பார், வைத்துவிடுவார். எனக்கு அப்படியொரு எரிச்சல். ஒரு தடவை கிடைத்த ஆள் மறு தடவை கிடைக்கக் கூடாது என்று உலகம் முழுக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள், நம்ம ஊர் கேஸ் கம்பெனி கஸ்டமர் கேரும் இப்படித்தான்.

அந்தப் பெண்ணுக்காக ஜோதி முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டாள். ஒரு ஜாக்கெட் பிட்டும் மஞ்சள் குங்குமமும் வைத்துக்கொண்டாள். போய் இறங்கினோம். வாசலில் நிஜமாகவே ட்ராம் போனது. ரிசப்ஷனில் அந்த வயசானவர். அவர்தான் முதலாளி. முறுக்குப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, உங்களிடம் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண் எங்கே என்று கேட்டேன்.

அவர் படித்தார். புருவத்தை ஏற்றினார். என் போனில் அவர் பேச, அது எழுதிக் காட்டியது. இங்கே பெண் யாரும் வேலை செய்யவில்லை. நானும் என் மருமகனும்தான். அந்தப் பெண் உங்கள் பெண் அல்லவா? உங்களுக்காக எங்களுக்குப் போன் செய்தவள். இந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரிப் பேசினாள்.

நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, நடுவில் முறுக்கு. ஜோதி பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் ஒன்று நீட்டினாள். அவர் கடித்துப் பார்த்து, தோற்று, காபியில் நனைத்துச் சாப்பிட்டார்.

ரூம் பின்பக்கம், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில். பாத்ரூமில் பக்கெட் இருந்தது, தரை துடைக்கிற பக்கெட், மஞ்சள் நிறம், பக்கத்தில் மக்குக்குப் பதிலாகப் பீர் ஊற்றுகிற ஜாடி. கட்டில் மூன்று.

கீழே போய்க் கேட்டேன். அந்தப் பெண் மூன்று பேர் என்றுதான் சொன்னாளாம். விலையை ஏற்றக் கூடாது என்று சண்டை பிடித்தாளாம். பாருங்கள், இத்தனை வருஷம் மெயின்டனன்ஸில் பழம் தின்று கொட்டை போட்டவன், என்னால் குறைக்க முடியாத விலையை முகம் தெரியாத எவளோ குறைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் பயத்தைவிட எனக்கு அவமானம்தான் ஜாஸ்தி.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் நன்றாகவே போயிற்று. நான் ஃபேக்டரிக்குப் போனேன், மெஷின் என் உயிரை எடுத்தது. ஜோதி தனியாக இறங்கி ஆற்றங்கரை வரை நடந்தாள், மாதா கோயிலில் உட்கார்ந்தாள், ஒரு நாளும் வழி தவறவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "தனியா போர் அடிக்கலையா?" என்றேன். "இல்லியே" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இப்போது நினைத்தால், கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டிலில் எங்கள் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தோம். கிளம்புகிற நாள் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டிகள் கீழே வரிசையாக நிற்கின்றன. விரிப்பு கசங்கியிருக்கிறது. தலையணையில் தலை வைத்த பள்ளம்.

"என் கொறட்டை தாங்காம அங்க போயிட்டியா?" என்றேன்.

ஜோதி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "நீதான் அங்க போய்ப் படுத்தன்னு நெனச்சேன்."

 ஜோதி போய் அந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அந்த ஜாக்கெட் பிட்டையும் மஞ்சள் குங்குமத்தையும் தலையணைமேல் வைத்தாள். "பாவம்யா" என்றாள். "அதுக்கும் நாலு ஊரைப் பாக்கணும்னு ஆசை இருந்திருக்கும். யாரும் கூட்டினு போயிருக்க மாட்டாங்க." குரலில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஜோதி வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். உள்ளேயிருந்து அந்த முதலாளிப் பெரியவர் கையசைக்கிறார், ஜோதிக்கு இல்லை, அவளுக்குக் கொஞ்சம் பின்னால். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கதவை விட்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. மெஷின் ஒரகடத்துக்கு வந்து, வழக்கம்போல் வாரம் ஒரு முறை நிற்கிறது. அந்த நம்பருக்கு இப்போதும் எப்போதாவது போன் போடுகிறேன், பெரியவர்தான் எடுக்கிறார், "யெஸ், யெஸ்" என்கிறார். முத்துப்பாண்டி இந்தக் கதையைத் தன் ஹாஸ்டலில் சொல்லி, என் பெயரையே ஸ்பெயின் பேய் அண்ணன் என்று மாற்றிவிட்டான். அதெல்லாம் போகட்டும்.

ஒரு விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை. திரும்பி வந்ததிலிருந்து பைக்கில் ஜோதி என் முதுகோடு ஒட்டி உட்காருகிறாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. சரகோசா போய்வந்த பாசம் என்று நினைத்து, இத்தனை மாதமும் நான் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டி ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை படப்பை சிக்னலில் நின்றபோது, பக்கத்துக் கடைக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பக்கவாட்டில் பார்த்தேன்.

சீட்டில் அவளுக்குப் பின்னால் சரியாக இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.