குடல் கடைக்காரியின் கைகள்

ஆசிரியர் வில்மோவின் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றும் குமட்டும். பாரிஸில் பெண்களுக்கென்று அவர் நடத்திய ஓவியக் கூடத்தில் ஓர்தான்ஸ் பசீரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தோம். நான் வசதியான வீட்டுப் பெண். அவள் குடல் கடைக்காரியின் மகள். ரூவான் நகரத்துச் சந்தையில் மாட்டுக்குடலைக் கழுவி விற்றுத்தான் அந்த அம்மாள் அவளைப் படிக்க வைத்தாள்.

அந்த அம்மாளையே ஓர்தான்ஸ் வரைந்தாள். வெந்நீரிலும் உப்பிலும் ஊறி, சிவந்து வெடித்த கைகள். பார்த்தாலே நமக்கு எரியும்.

சனிக்கிழமைதோறும் வில்மோ வந்து எங்கள் படங்களில் தானே தூரிகை வைத்துத் திருத்துவார். அவர் தொட்ட இடத்தை நாங்கள் தொடக் கூடாது. அந்தப் படத்தின் முன் மூக்கைச் சுளித்தார்.

"கருமம், என்ன கை இது? கண்காட்சின்னா சீமாட்டிங்க வந்து பாக்குற எடம் பொண்ணே!"

காய்ந்த படத்தின் மேல் வெண்ணெய் மாதிரி இரண்டு வெள்ளைக் கைகளை அப்பிவிட்டுப் போனார். பொறுத்துக்கொண்டோம். ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரும் இருந்தாரே! படம் தேர்வானது.

"எங்கம்மா பாக்க வராங்கடி. அவங்க கையே இல்லாத படத்த எப்படிடி காட்டுவேன்?" என்று ஓர்தான்ஸ் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

திறப்புக்கு முந்தின நாள் மெருகு நாள். சுவரில் மாட்டிய படத்துக்கு ஓவியர்கள் ஏணி போட்டு மெருகு பூசலாம், கடைசிக் குறைகளைத் தீர்க்கலாம். பட்டுத் தொப்பிக்காரர்கள் சிலர் அவள் படத்தின் முன் கூடினார்கள்.

"முசியே வில்மோ, அந்தக் கை நீங்க வரைஞ்சதுதானே?"

"பாவம், பொண்ணு. நான் இல்லேன்னா இது இங்க ஏறுமா?" என்று இளித்தார். அந்த மூஞ்சியில் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

ஓர்தான்ஸ் ஏணியில் ஏறினாள். கையில் மெருகு இல்லை, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணி.

"ஏய், என்ன பண்றே? எறங்கு!"

"மெருகு நாள்தானே முசியே? கடைசிக் குறையத் தீக்குறேன்."

அழுத்தித் துடைத்தாள். இன்னும் முழுதாகக் காயாத அந்த வெண்ணெய் வழிந்து, அடியிலிருந்து அம்மாவின் சிவந்த கைகள் வெளியே வந்தன. படத்திலிருந்தே குடல் நாறுவதுபோல் ஒரு தொப்பிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

மாட்டிய படத்தை இறக்க விதியில்லை. "இனிமே உன் படம் இந்தச் சுவத்துல ஏறாது," என்றார் வில்மோ. சொன்னதைச் செய்தும் காட்டினார். ஓர்தான்ஸ் மிச்சக் காலமெல்லாம் ரூவானில் பள்ளிப் பெண்களுக்குப் பூ வரையச் சொல்லிக்கொடுத்தே கிடந்தாள். வில்மோ செத்தபோது, பெண் ஓவியர்களை வளர்த்த வள்ளல் என்று பத்திரிகைகள் எழுதின. தூ!

மெருகு நாளுக்கு மறுநாள், திறப்பன்று, ஓர்தான்ஸின் அம்மா வந்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வெள்ளைக் கையுறைகளைப் போட்டிருந்தாள். படத்தை நெருங்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, கையக் கழுவச் சொல்லிட்டாவது வரைஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

பிறகு அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.